சிவப்புச் சேவல், வரிப் பெட்டை: குஞ்சு என்ன நிறத்தில் வரும்?

மார்த்தாண்டத்தில் வீட்டில் வளர்க்கும் பிளைமவுத் ராக் வரிப் பெட்டையோடு ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவலைச் சேர்க்கப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அருமையான ஜோடி.

வரியைத் தரும் மரபணு ஓங்கு பண்பு, அதாவது ஒன்று இருந்தாலே வரி வந்துவிடும். குஞ்சு சேவலா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத் தாய் ஆண் குஞ்சுக்கு மட்டுமே கொடுக்கும். அதனால் சேவல்களுக்கு வரி வரும். பெட்டைகள் வரியில்லாமல், பெரும்பாலும் கருப்பாக, கழுத்தில் கொஞ்சம் சிவப்போடு வளரும். பொரிந்த அன்றே தெரிந்துவிடும்: கருங்குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். முட்டைக்கு வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

மாற்றி, கலப்பில்லாத வரிச் சேவலை விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் வரிதான்.

அப்புறம், ஊர்ச் சேவல் திரியும் இடமென்றால் பெட்டையை முதலில் 3 வாரமாவது தனியே அடைத்து வையுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் அத்தனை நாள் தங்கக்கூடும்.