கொரோலா 121: சூடானபின் கியர் மாறி மாறி உதைக்குது

வணக்கம் அண்ணை. காலையில் ஒழுங்காக ஓடுகிற 2003 டொயோட்டா கொரோலா (ஒட்டோ கியர்), சூடானபின் 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் உதைக்குது, கராஜில் கியர்பெட்டியையே மாற்றச் சொல்லினம் என்று எழுதியிருந்தீங்கள். தயவுசெய்து இப்ப பெட்டியைக் கழற்ற விடாதீங்கோ.

முதல் கியர்பெட்டி ஒயிலைப் பாருங்கோ. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு மட்டமான இடத்தில் நிறுத்துங்கோ. எஞ்சினை நிறுத்தாமல், பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒருக்காப் போட்டு, திரும்பப் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்து, கியர்பெட்டி ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுங்கோ. ஒயில் கம்பியில் இருக்கிற சூட்டுக்குறிக்குள் (HOT) நிற்கவேணும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கோ. சிவப்பு என்றால் நல்லது. கறுத்து, கருகின மணம் வந்தால் உள்ளே கிளச் தேய்ந்திட்டுது. அளவு குறைந்திருந்தால் டைப் டி-4 (Type T-IV) ஒயில் மட்டும் விடுங்கோ.

சூட்டில் மட்டும் வருவதால் எனக்கு மின்பக்கம்தான் சந்தேகம். வண்டியின் பிழைகளை வாசிக்கிற ஸ்கானரை மாட்டி, அக்சிலரேட்டர் மிதியை அசையாமல் பிடியுங்கோ. ஸ்கானரில் திறொட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடுகிற வால்வு) திறக்கிற அளவு துள்ளினால் சென்சர்தான் பிழை. ஷிப்ட் சொலினொயிட் (கியர் மாற்றுகிற மின்வால்வு) குளிரில் 11 முதல் 15 ஓம் காட்டவேணும், சூட்டோடும் ஒருக்கா அளக்கச் சொல்லுங்கோ. என்ர வண்டியில் பெட்டிக்குப் போகிற பிளக்கின் ஒரு ஊசியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. துடைத்ததும் உதைப்பு நின்றது.

ஸ்கானரில் வருகிற பிழைக் கோட் இலக்கத்தை எழுதுங்கோ அண்ணை, பார்த்துச் சொல்லுறன்.