கைவேலைக் கேள்வி – பதில்: குழாயில் ஒரு ஒளிவாள்

கே: பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் விண்வெளித் துப்பாக்கி செய்தவன். வயது 47 ஆகிவிட்டது. சினிமாவில் வரும் ஒளிவாள் போல ஒன்று செய்து அலமாரியில் வைக்க ஆசை. 3டி பிரிண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? – வாசகர், காரைக்குடி

ப: வேண்டாம். முதல் பொருளை ஹார்டுவேர் கடையிலேயே முடித்துவிடலாம். அசலும் அப்படிப் பிறந்ததுதான். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாள் பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. பேட்டரி போடும் வெறும் உருளை. அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார்கள், கால்குலேட்டரிலிருந்து உருவிய குமிழ்ப்பட்டை ஒன்றைச் சொருகினார்கள், வாள் தயார். அதே படத்தில் இன்னொரு வாளின் அடிப்பாகம் வாஷ்பேசின் குழாயின் திருகு.

40 மி.மீ. விவசாய பி.வி.சி. குழாய் ஒரு அடி வாங்குங்கள். இந்த வகையில் 40 என்பது வெளிவிட்டம். அசலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். வயரிங் பைப் வேண்டாம், சுவர் மெல்லிசு, பிடித்தால் அமுங்கும். 28 செ.மீ. நறுக்க வேண்டும். வெட்டு கோணாமல் இருக்க, ஒரு தாளைக் குழாயில் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேருமாறு இழுத்துப் பிடித்து அதையொட்டிக் கோடு போடுங்கள். ஆக்சா பிளேடால் ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போகாமல், குழாயை உருட்டி உருட்டிச் சுற்றிலும் பள்ளம் விழச் செய்த பிறகு அறுத்து எடுங்கள்.

பிடிப் பட்டைகள் ஆறு. சுற்றளவு 125.6 மி.மீ., ஆறால் வகுத்தால் 21-க்குக் கொஞ்சம் குறைச்சல். ஸ்கேல் வைத்து அளந்தால் கடைசிப் பட்டையில் இடம் மிஞ்சும் அல்லது இடிக்கும். சுற்றளவுக்கு ஒரு காகித நாடா வெட்டி, பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் ஆறு பங்கும் சமம். நீளவாக்குக் கோட்டுக்கு, குழாயைத் தரையில் ஓர் இரும்பு ஆங்கிளோடு சேர்த்துப் படுக்கவைத்து ஆங்கிள் விளிம்பில் பென்சிலை ஓட்டுங்கள். பட்டைக்கு, ஜன்னலுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை 11 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் போதும்.

பெயின்ட் முதலில், பட்டை பிறகு. பட்டை உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். சுரண்டாவிட்டால் பசை பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், பெயின்ட் குழாயை விட்டுவிடும். ஆறு மாதத்தில் பட்டை தோலோடு உரியும்.

தெர்மாகோல் பழக்கம் இன்னும் விடவில்லையென்றால் ஒன்று: ஸ்பிரே பெயின்ட் அதை நேரடியாகத் தின்றுவிடும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து மூன்று கோட் பூசிக் காயவைத்த பிறகே ஸ்பிரேயைத் தொடுங்கள்.

கே: குரோம் ஸ்பிரே கண்ணாடிபோல வந்தது. மேலே கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்ததும் சாம்பல் பூத்துவிட்டது. இன்னொரு குழாயில் பெயின்ட் சுருண்டு முதலைத் தோல்போல ஆயிற்று. என்ன தப்பு? – வாசகர், தேவகோட்டை

ப: இரண்டும் வேறு வேறு தப்பு. குரோம் ஸ்பிரேயின் பளபளப்பு, அதிலுள்ள உலோகச் செதில்கள் தட்டையாகப் படுத்திருப்பதால் வருவது. கிளியரில் உள்ள கரைப்பான் அவற்றை எழுப்பிவிடுகிறது. ஒளி சிதறிச் சாம்பலாகிறது. ஆகவே குரோமுக்கு மேல் எதுவும் அடிக்காதீர்கள். அடியில் பளபளக்கும் கறுப்பு எனாமல், இரண்டு நாள் முழுதாகக் காய்ந்த பிறகு, 20 செ.மீ. தள்ளி மெல்லிசாகக் குரோம். ஒரு வாரம் கை படக் கூடாது.

சுருண்டது, எனாமல் மேல் டூகோ (காருக்கு அடிக்கும், சீக்கிரம் காயும் லாக்கர் பெயின்ட்) அடித்ததால். டூகோவின் தின்னர் அடியில் உள்ள எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். டூகோ மேல் எனாமல் அடிக்கலாம், தலைகீழாகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டூகோ அடித்தால் வெள்ளை படரும், அது காற்றின் ஈரம் படிவது. மழை விட்டு வெயில் ஏறிய பத்து மணிக்குமேல் அடியுங்கள்.

பெயின்ட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, கிரில் பட்டறையில் ஒன்றரை அங்குல எஸ்.எஸ். குழாயின் வெட்டுமிச்சம் கேட்டுப் பாருங்கள். 1.2 மி.மீ. கனத்தில் 28 செ.மீ. துண்டு 300 கிராம் சொச்சம்தான் வரும். எங்கள் ஓட்டு அதற்கே. சிக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பக்கத்தில் இருக்கிறதே என்று வீட்டு வாளியில் குரோம் முலாம் போடத் துணிய வேண்டாம்: குரோமிக் அமிலம் புற்றுநோய் வரவழைக்கும்.

கே: ஆயா வீட்டு இரண்டாம் கட்டில் பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், வால்வு ரேடியோ எல்லாம் கிடக்கின்றன. அறுத்து ரோபோ செய்யலாமா? – வாசகி, கானாடுகாத்தான்

ப: அறுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இவற்றுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்தாலே கை நின்றுவிடும். அச்சு எடுத்து நகல் வார்த்துக்கொள்ளுங்கள்.

4 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரமுள்ள ரேடியோ திருகு என்று வைத்துக்கொள்வோம். 6 x 6 x 3.5 செ.மீ. அட்டைப் பெட்டியின் அடியில் அதை ஒட்டுங்கள். எவ்வளவு சிலிக்கான் (அச்சு எடுக்கும் ரப்பர் திரவம்) வேண்டும் என்பதற்கு, பெட்டி நிறைய அரிசி கொட்டி, அதை அளவு டம்ளரில் அளந்து பாருங்கள், 100 மி.லி. வரும். சிலிக்கானில் அது ஏறத்தாழ 120 கிராம். அளந்த பிறகு ஒரு அரிசிகூடப் பெட்டியில் மிஞ்சக் கூடாது. அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை, டப்பாவில் அச்சிட்டிருக்கும் விகிதப்படி எடைபோட்டுச் சேருங்கள். கண்ணளவில் கூட்டினால் குமிழ் வெளியேறுமுன் இறுகி, அச்சு நொறுங்கும். முதலில் பிரஷ்ஷால் திருகின் வரிகளில் தடவி, மீதியை மூலையில் நூலிழையாக ஊற்றுங்கள். திருகின் தலையில் ஊற்றினால் காற்று சிக்கும். ஒரு நாள் கழித்து உரித்து, அச்சில் எபாக்சி பிசின் ஊற்றுங்கள். பிளாட்டினம் வகை சிலிக்கான் என்றால், கந்தகம் கலந்த மாடலிங் களிமண் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுக்கும்.

பெட்ரோமாக்ஸின் பழைய மேண்டிலை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. உதிர்ந்த தூளை ஊதித் தள்ளுவது கூடவே கூடாது. திருகு பேக்லைட் என்றால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், பொடி பறக்கக் கூடாது.

கே: 3டி பிரிண்டரில் அச்சடித்த ஹெல்மெட்டை காரில் வைத்துவிட்டுப் பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு வந்தால், கோணிக் கிடக்கிறது. – வாசகர், புதுவயல்

ப: 3டி பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியில் இளகும். சித்திரை வெயிலில் மூடிய கார் அதைத் தாண்டுவது சாதாரணம். வெந்நீரில் முக்கி நிமிர்த்தப் பார்க்கலாம், ஆனால் பெயின்ட் போய்விடும். அடுத்ததை, கூடுதல் சூடு தாங்கும் ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அடியுங்கள்.

கே: 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. போட்டதும் கருகுகிறது. வெள்ளை மூன்றைத் தொடராக இணைத்தால் எரியவே இல்லை. – மாணவர், பள்ளத்தூர்

ப: சிவப்பு 2 வோல்ட் எடுக்கும், மீதி 7. அதை 15 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 467. கடையில் 470 ஓம் ரெசிஸ்டர் கேளுங்கள். வெள்ளை ஒவ்வொன்றுக்கும் 3.2, மூன்றுக்கு 9.6 வேண்டும், பேட்டரியில் அவ்வளவு இல்லை. இரண்டை மட்டும் தொடராக இணைத்து, 180 ஓம் போடுங்கள்.