ஆற்றோரம் குடியிருப்பவர்கள் வெள்ள அறிவிப்பு வந்தால் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

நீங்கள் கேட்டது "எப்போது" என்று. எங்கள் வீட்டில் அதில்தான் கோட்டை விட்டோம், அதனால் எழுதுகிறேன். கடலூரில் உப்பலவாடி பக்கம், தென்பெண்ணை ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை, பெரிய மழையும் விட்டுவிட்டது, சரி தப்பித்தோம் என்று ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் புயல் அதோடு தீர்ந்துபோகாமல் உள்ளே நகர்ந்து போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்தத் தண்ணீர் எங்கள் ஆற்றின் மேலே இருக்கும் சாத்தனூர் அணைக்குத்தானே வரும்! டிசம்பர் 2 விடியற்காலை அங்கே திறந்துவிட்டது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி.

காலையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள், போனிலும் மெசேஜ் வந்தது. எங்கள் ஆயா (பாட்டி) நகரவே மாட்டேன் என்றது. "தானே புயலுக்கே அசையாத வூடுடா இது." 2011 தானேயில் எங்களை அடித்தது காற்று, இது தண்ணீர், ரெண்டும் வேற என்று அந்த நேரத்தில் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இரவு எட்டு மணி வாக்கில் நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெரு காய்ந்து கிடக்கிறது, உள்ளேயிருந்து மனைவி கத்துகிறாள். தண்ணீர் பாத்ரூம் ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று செம்மண் நிறத்தில் மேலே வந்துகொண்டிருந்தது. கோணியைத் திணித்து மேலே அம்மியை வைத்தேன். அதற்குள் சமையல்கட்டு ஓட்டையிலும் ஆரம்பித்துவிட்டது. அரை மணி நேரத்தில் முழங்கால் அளவு, காலி சிலிண்டர் மிதக்கிறது. விடியும்வரை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம், பிறகு மீனவர்கள் ஃபைபர் படகைக் கொண்டுவந்து ஆயாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

அதனால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அணையைப் பாருங்கள். மேலே திறந்துவிட்ட தண்ணீர் கடலூருக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமே அதுதான். 1 லட்சம் கன அடி என்று காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் இனிமேல் பேச்சே கிடையாது, வண்டியை எடுத்துவிடுவோம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாமல் எதிர்த்துக்கொண்டு நிற்கும். (உங்கள் ஆற்றுக்கு இந்தக் கணக்கு வேறு, அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.)

கிளம்பும்போது எடுக்க வேண்டியது வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரை, சார்ஜர், அவ்வளவுதான். மாட்டை அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்டுவிட்டு வராதீர்கள். மாட்டிக்கொண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

அப்புறம் ஒன்று, தண்ணீர் வடிந்து திரும்பி வந்ததும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். எங்கள் கிரைண்டர் வெள்ளத்தில் போகவில்லை, அதற்கு மூன்றாவது நாள் நான் சுவிட்சைத் தட்டியதில்தான் போனது.