கெர்னலை நாமே கம்பைல் செய்து இறுக்குவது: கேள்வி பதில்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (ஓடும் நிரலாக மாற்றி), பாதுகாப்புக்காக இறுக்கிப் பயன்படுத்துவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எனக்குப் பழக்கம் டெபியன், ஆர்ச் என்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) மட்டும்தான், அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும். கமாண்டுகளையும் ஆப்ஷன் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். கெர்னலின் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுவான மெனுகான்ஃபிக்கைத் திறந்து சாய்கோட்டு விசையை அழுத்திப் பெயரைத் தேடினால் கம்பைல் ஆப்ஷன்கள் கிடைக்கும்.

அண்ணா, டெபியனோடு வரும் கெர்னலே பாதுகாப்பானதுதானே? எதற்கு இந்த மெனக்கெடல்? (கல்லூரி மாணவர்)

பாதுகாப்பானதுதான் தம்பி. நீங்கள் கம்பைல் செய்து ஆறு மாதம் அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் கெர்னலைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் டிஸ்ட்ரோ கெர்னலுக்கு ஒரு கட்டாயம் உண்டு: உலகத்தில் இருக்கும் எல்லார் கம்ப்யூட்டரிலும் அது ஓடியாக வேண்டும். அதனால் யாருமே தொடாத நெட்வொர்க் புரோட்டோகால்கூட மாட்யூலாக (தேவைப்படும்போது கெர்னலோடு சேரும் துண்டாக) உள்ளே இருக்கும். டிசிசிபி என்று ஒன்று இருந்தது. 2005இல் கெர்னலுக்குள் வந்தது. நான் பார்த்தவரை அதைப் பயன்படுத்தியவர் யாரும் இல்லை. 2017இல் அதில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் டபுள் ஃப்ரீ பிழை கண்டுபிடிக்கப்பட்டது (பொதுப் பிழைப் பட்டியலில் சிவிஇ-2017-6074). கணினியில் சாதாரணப் பயனராக இருப்பவர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) ஆகிவிடலாம். அந்த மாட்யூல் டிஸ்க்கில் இருந்தாலே போதும். அந்த வகை சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பு முனையை) ஒரு நிரல் திறக்கக் கேட்டவுடன் கெர்னலே அதை லோடு செய்துகொள்ளும். டிசிசிபியே இல்லாமல் கம்பைல் செய்தவர்களுக்கு அந்த வாரம் எந்தக் கவலையும் இல்லை.

நாமே கம்பைல் செய்வதில் முதல் லாபம் இதுதான். எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எதை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூலநிரலை கெர்னல் தளத்திலிருந்து எச்டிடிபிஎஸ்சில்தானே எடுக்கிறோம், டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். 2011இல் அந்தத் தளத்தின் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்து, சில வாரங்கள் மூடிக் கிடந்தது. இறக்கும் வழியில் நடக்கும் திருட்டைத்தான் எச்டிடிபிஎஸ் தடுக்கும். சர்வரே கெட்டுப்போனால் அது என்ன செய்யும்?

இதற்கும் முன்னால் 2003 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். கெர்னல் நிரலின் சிவிஎஸ் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நகல் ஒன்றுக்குள் யாரோ இரண்டு வரி செருகிவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், பயனர் எண் பூஜ்யமா (அது ரூட்டின் எண்) என்று ஒப்பிடும் சாதாரணச் சோதனை. ஆனால் இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒப்பிடுவதற்குப் பதில் பூஜ்யத்தை எழுதிவிடும். வெயிட்ஃபோர் என்ற சிஸ்டம் காலை (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) அதற்கென்று வைத்த ஃபிளாகுகளுடன் (குறிகளுடன்) அழைத்தால், அழைத்தவர் அந்த நொடியே ரூட். மூலப் பதிவோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதால்தான் மாட்டியது.

சரிபார்க்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: கையொப்பம் போட்டிருப்பது அமுக்கப்படாத டார் கோப்பின் மேல். நீங்கள் இறக்குவது எக்ஸ்இசட்டால் அமுக்கியது. அப்படியே ஜிபிஜியிடம் (கையொப்பம் சரிபார்க்கும் நிரலிடம்) கொடுத்தால் கையொப்பம் தப்பு என்று சொல்லும். முதலில் விரித்துவிட்டு, அல்லது எக்ஸ்இசட்டின் வெளியீட்டை நேரே ஜிபிஜிக்குள் பைப் செய்து பாருங்கள்.

மெனுகான்ஃபிக்கைத் திறந்தேன், தலை சுற்றிவிட்டது. ஆயிரக்கணக்கில் ஆப்ஷன்கள். எங்கே ஆரம்பிப்பது?

வெறுங்கையோடு ஆரம்பிக்காதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு (ஆப்ஷன் பட்டியல்) பூட் கோப்புறையில் இருக்கும். அதை நகலெடுத்து, மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள், புது ஆப்ஷன்களுக்கு வழக்கமான மதிப்பை அது போட்டுவிடும். அடுத்து மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். இந்த நிமிடம் லோடு ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அது வெட்டிவிடும். கம்பைல் நேரமும் பாதிக்கு மேல் குறையும்.

"இந்த நிமிடம்" என்பதைக் கவனியுங்கள். அதை ஓட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள்: பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம், போன், புளூடூத் ஹெட்செட். விபிஎன் இணையுங்கள், டாக்கர் பயன்படுத்தினால் ஒரு கன்டெய்னரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் புது கெர்னலில் பூட் ஆன பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருக்கும்.

அப்புறம், 6.7 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே ஹார்டனிங் டாட் கான்ஃபிக் என்று ஒரு துண்டு வருகிறது. மேக் ஹார்டனிங் டாட் கான்ஃபிக் என்று ஓட்டினால், வேகத்தைப் பெரிதாகப் பாதிக்காத அடிப்படைப் பாதுகாப்புகளை உங்கள் கான்ஃபிக்கின் மேல் வைத்துவிடும். கடைசியில், அலெக்சாண்டர் போபோவ் எழுதிய கெர்னல் ஹார்டனிங் செக்கரில் கான்ஃபிக்கைக் கொடுத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று பட்டியல் போடும்.

அந்த செக்கர் ஏகப்பட்ட ஃபெயில் காட்டுகிறது சார். எல்லாவற்றையும் ஓகே ஆக்கிவிடவா?

வேண்டவே வேண்டாம். அது பரீட்சை இல்லை, நூற்றுக்கு நூறு வாங்க. 32 பிட் ஆதரவை நிறுத்தச் சொல்லும். நிறுத்தினால் ஸ்டீம் விளையாட்டுகளும் வைன் வழியாக ஓடும் பழைய விண்டோஸ் நிரல்களும் படுத்துவிடும். மாட்யூல் வசதியையே எடுக்கச் சொல்லும். லேப்டாப்பில் அது தலைவலி, ஒரே வேலை செய்யும் சர்வரில் நல்ல யோசனை. ஒவ்வொரு வரியையும் படித்து, உங்களுக்கு எது தேவை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

டெபியன் கான்ஃபிக்கை வைத்து கம்பைல் செய்தால் ஏதோ பெம் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுகிறது.

சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற ஆப்ஷனில் டெபியனின் சான்றிதழ் கோப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறது, அது உங்களிடம் இல்லை. அந்த மதிப்பைக் காலியாக்கிவிடுங்கள். உபுண்டுவில் சிஸ்டம் ரெவொகேஷன் கீஸையும் சேர்த்துக் காலியாக்க வேண்டும். அப்படியே டீபக் இன்ஃபோவையும் (பிழை தேட உதவும் தகவல்) அணைத்துவிடுங்கள், டிஸ்க் மிச்சம். பிறகு மேக் பின்டெப்-பிகேஜி போட்டால் டெபியனின் டெப் பொதிகளாகவே கிடைக்கும். நிறுவவும் நீக்கவும் அதுதான் சுத்தம்.

எந்தெந்த ஆப்ஷன்கள் உண்மையில் பயன்? சிஸ்டம் மெதுவாகிவிடாதா?

ஒதுக்கும்போதே நினைவகத்தைப் பூஜ்யமாக்கும் இனிட் ஆன் அலாக்கைக் கட்டாயம் போடுங்கள். பெரும்பாலான வேலைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவான இழப்பு என்று கெர்னலின் உதவிக் குறிப்பே சொல்கிறது. அதன் ஜோடி இனிட் ஆன் ஃப்ரீ. விடுவிக்கும்போதும் துடைக்கும், இதற்கு 3 முதல் 5 சதவீதம் ஆகும். ரகசியச் சாவிகள் நினைவகத்தில் கிடக்கும் சர்வர் என்றால் போடலாம், வீட்டு லேப்டாப்பில் நான் போடுவதில்லை. ஸ்லாப் ஃப்ரீலிஸ்ட் ரேண்டம், ஸ்லாப் ஃப்ரீலிஸ்ட் ஹார்டண்டு, ஹார்டண்டு யூசர்காப்பி, ஃபோர்டிஃபை சோர்ஸ், விமேப் ஸ்டாக் ஆகியவை நினைவகப் பிழைகளைத் தாக்குதலாக மாற்றுவதைக் கடினமாக்கும், இவற்றையெல்லாம் யோசிக்காமல் போடலாம். பல டிஸ்ட்ரோக்களில் ஏற்கெனவே போட்டுத்தான் வருகிறது.

சொந்தமாகக் கம்பைல் செய்பவருக்கு மட்டுமே முழுப் பலன் தரும் ஆப்ஷன் ஒன்று உண்டு: ராண்ட்ஸ்ட்ரக்ட். கெர்னலின் முக்கியமான ஸ்ட்ரக்சர்களில் (தரவுக் கட்டமைப்புகளில்) உறுப்புகளின் வரிசையை, ஒரு சீடு எண்ணை (தற்செயலான தொடக்க எண்) வைத்துக் கம்பைல் நேரத்தில் கலைத்துவிடும். பயனர் எண் இத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு எழுதிய எக்ஸ்பிளாய்ட் (பிழையைப் பயன்படுத்தித் தாக்கும் நிரல்), உங்கள் கெர்னலில் தப்பான இடத்தில் போய் எழுதும். டிஸ்ட்ரோ இதைப் போட்டால் லாபம் குறைவு. எல்லாருக்கும் ஒரே பைனரிதான் (கம்பைல் செய்த கோப்பு) போகிறது. தாக்குபவர் அதை இறக்கிப் பிரித்துப் பார்த்தால் வரிசை தெரிந்துவிடும். உங்கள் பைனரி உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது.

இரண்டு விஷயம். ஜிசிசி கம்பைலரில் இது பிளக்இன் ஆக ஓடுவது. உங்கள் ஜிசிசி பதிப்புக்கான பிளக்இன்-டெவ் பொதியை நிறுவாவிட்டால் மெனுவில் ஆப்ஷனே தெரியாது, "இந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்" என்று நினைத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, சீடு உங்கள் பில்டு கோப்புறையிலேயே கிடக்கும். வெளி மாட்யூல்களைக் கம்பைல் செய்ய அது தேவை, வேறு யாரும் படிக்கவும் கூடாது. அந்தக் கோப்புறையை எல்லாரும் படிக்கும்படி விட்டுவைத்தால் செய்த வேலைக்கு அர்த்தம் இல்லை.

கம்பைல் செய்யாமலே ஏதாவது செய்ய முடியுமா? நேரம் இல்லை. (சிறு அலுவலகத்தில் சர்வர் பார்ப்பவர்)

நிறையவே செய்யலாம். கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பின் கமாண்டு லைனில் ஸ்லாப் நோமெர்ஜ், இனிட் ஆன் அலாக் ஈக்வல் 1, ரேண்டமைஸ் கேஸ்டாக் ஆஃப்செட் ஆன், விசிஸ்கால் நன் ஆகியவற்றைச் சேருங்கள். ஓடும் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட் 2, டிமெசேஜ் ரெஸ்ட்ரிக்ட் 1, அன்பிரிவிலேஜ்டு பிபிஎஃப் டிசேபிள்டு 1 என்று வையுங்கள். பத்து நிமிட வேலை. மாதாமாதம் கெர்னல் கம்பைல் செய்ய நேரம் இருக்காது என்று தெரிந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு, டிஸ்ட்ரோ கெர்னலை ஒழுங்காக அப்டேட் செய்யுங்கள். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

கெர்னலை இறுக்கும் ஜிஆர்செக்யூரிட்டி பேட்ச் (நிரல் திருத்தத் தொகுப்பு) இப்போது கிடைக்காதா? பழைய ஜென்டூ டிஸ்ட்ரோ ஆள் கேட்கிறேன்.

காசு கொடுத்தால் கிடைக்கும். 2015இல் ஸ்டேபிள் பேட்சுகளை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள், 2017 ஏப்ரலில் சோதனைப் பேட்சுகளையும் நிறுத்திவிட்டார்கள். அதோடு அந்தப் பேட்சைச் சேர்த்து வந்த ஜென்டூவின் ஹார்டண்டு சோர்சஸும் போயிற்று. அதே 2015 கடைசியில் கெர்னல் டெவலப்பர் கீஸ் குக் தொடங்கிய கெர்னல் செல்ஃப் புரொடெக்‌ஷன் புராஜெக்ட், அந்த யோசனைகள் பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முதன்மைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. மேலே சொன்ன ராண்ட்ஸ்ட்ரக்ட் 4.13இல் வந்தது, சிஸ்டம் கால் முடிந்ததும் கெர்னலின் ஸ்டாக் நினைவகத்தைத் துடைக்கும் ஸ்டாக்லீக் 4.20இல். எல்லாமே வந்துவிடவில்லை. ஆர்ச்சில் லினக்ஸ்-ஹார்டண்டு என்ற பேட்ச் தொகுப்பு உண்டு. அது ஜிஆர்செக்யூரிட்டிக்கு மாற்று இல்லை, ஆனால் சின்னது, படித்துப் புரிந்துகொள்ளலாம்.

லாக்டவுன் போட்டேன். என்விடியா கிராஃபிக்ஸ் மாட்யூல் லோடு ஆகவில்லை, ஹைபர்நேட்டும் போய்விட்டது. ஏன் சார்?

இரண்டுமே அதன் வேலைதான். 5.4இல் வந்த லாக்டவுனின் நோக்கம், ரூட் ஆக இருந்தாலும் கெர்னலுக்குள் கைவைக்க விடாதது. கையொப்பமில்லாத மாட்யூல் கெர்னலுக்குள் நுழைய நேரடி வழி. ஹைபர்நேட் செய்தால் முழு நினைவகமும் டிஸ்க்கில் போய் உட்கார்கிறது. அதை அங்கே யாராவது மாற்றினால், விழிக்கும்போது மாற்றிய கெர்னல்தான் விழிக்கும். அதனால் தடை.

என்விடியாவுக்கு வழி உண்டு. கம்பைல் செய்யும்போது செர்ட்ஸ் கோப்புறையில் ஒரு கையொப்பச் சாவி தானாக உருவாகும். கெர்னல் மூலநிரல் கோப்புறையில் இருக்கும் சைன்-ஃபைல் கருவியால் அந்தச் சாவியைக் கொண்டு மாட்யூலில் கையொப்பமிட்டால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தத் தனிச்சாவியை அதே கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், ரூட் ஆனவன் தன் மாட்யூலுக்கும் கையொப்பம் போட்டுக்கொள்வான். பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது மாதிரி. பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு இங்கே அழித்துவிடுங்கள். வெளி மாட்யூலே தேவையில்லை என்றால், கம்பைல் முடிந்தவுடன் சாவியை ஒரேயடியாக அழித்துவிடுவது உத்தமம்.

யூசர் நேம்ஸ்பேஸை (சாதாரணப் பயனர் தனக்கென்று பிரித்த இடத்துக்குள் ரூட் போல நடந்துகொள்ளும் வசதி) அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் பிரவுசரின் சாண்ட்பாக்ஸ் (வலைப்பக்கங்களை அடைத்து ஓட்டும் பாதுகாப்பு) உடையும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ரூட் அல்லாதவருக்கு யூசர் நேம்ஸ்பேஸ் கொடுத்தால், வழக்கமாக ரூட் மட்டும் தொடக்கூடிய கெர்னல் நிரல்களை அவரும் தொட முடிகிறது. பல எக்ஸ்பிளாய்ட்களின் முதல் படி அதுதான். அணைத்தால் ஃபிளாட்பேக், ரூட்லெஸ் கன்டெய்னர்கள், குரோமியம் சாண்ட்பாக்ஸ் எல்லாம் தடுமாறும். சர்வரில் அணையுங்கள். பிரவுசர் ஓடும் டெஸ்க்டாப்பில் விட்டுவிடுங்கள். கெர்னலைக் காப்பாற்றுவதாக நினைத்து பிரவுசரின் சாண்ட்பாக்ஸைக் கழற்றுவது நஷ்டக் கணக்கு.

மாதக் கட்டண விபிஎஸ்சில் (வாடகை மெய்நிகர் சர்வர்) செய்யலாமா?

முழு மெய்நிகர் கணினி தரும் கேவிஎம் என்றால் செய்யலாம். ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி போன்ற கன்டெய்னர் என்றால் கெர்னலே உங்களுடையது இல்லை, அது ஹோஸ்டுடையது.

இவ்வளவும் செய்துவிட்டால் ஹேக் ஆகாது என்று நம்பலாமா ஐயா?

2022இல் வந்த டர்ட்டி பைப் பிழையைப் பாருங்கள், சிவிஇ-2022-0847. பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் குழாய்) ஒரு பஃபரை மறுபடி பயன்படுத்தும்போது அதன் ஃபிளாகைத் துடைக்க மறந்திருந்தார்கள், அவ்வளவுதான். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எவரும் எழுதலாம் என்றாகிவிட்டது, பாஸ்வேர்டு கோப்பு உட்பட. புது நினைவகம் ஒதுக்கப்படவே இல்லை என்பதால் இனிட் ஆன் அலாக் உதவாது. கெர்னலின் முகவரிகள் எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதால் ராண்ட்ஸ்ட்ரக்ட்டும் கேஏஎஸ்எல்ஆரும் (கெர்னலின் முகவரிகளைக் கலைக்கும் வசதி) உதவாது. பைப் இல்லாமல் கெர்னல் கம்பைல் செய்யவும் முடியாது. 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அவற்றுக்கு மாறியவர் தப்பித்தார், எவ்வளவு இறுக்கிய கெர்னலாக இருந்தாலும் மாறாதவர் மாட்டினார்.

எனவே நீண்ட காலம் திருத்தங்கள் வரும் எல்டிஎஸ் கிளை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், 6.12 போல. ஸ்டேபிள் பதிப்பு வந்தவுடன் இறக்கி, சரிபார்த்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டி, கம்பைல் செய்வதை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிடுங்கள். கையால் செய்தால் மூன்றாவது மாதமே சலித்துவிடும்.

பூட் ஆகாமல் போனால்?

டிஸ்ட்ரோ கெர்னலை ஒருபோதும் நீக்காதீர்கள், கிரப்பில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். ரூட் கோப்பமைப்பை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனால் (கெர்னல் நின்றுவிட்டால்), பெரும்பாலும் டிஸ்க்குக்கான என்விஎம்இ டிரைவரோ ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்போ இனிட்ராம்எஃப்எஸ்சுக்குள் (துவக்கத்தில் முதலில் லோடு ஆகும் சின்னத் தொகுப்பு) போகவில்லை. அவை இரண்டையும் மாட்யூலாக இல்லாமல் நேரடியாக உள்ளே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தூரத்தில் இருக்கும் சர்வர் என்றால் கமாண்டு லைனில் பேனிக் ஈக்வல் 30 போட்டு, கிரப்-ரீபூட் கமாண்டால் புது கெர்னலை ஒரே ஒருமுறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு கிரப் டீஃபால்ட் சேவ்டு என்று இருக்க வேண்டும். பேனிக் ஆனால் 30 நொடியில் தானாக ரீபூட் ஆகி, பழைய கெர்னலுக்கே திரும்பிவிடும்.