பயணத் தடை நோய்ப் பரவலை எவ்வளவு தடுக்கும்? கணித மாதிரி சொல்வது என்ன?

எத்தனை பேருக்கு நோய், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றுகிறது, ஊர்விட்டு ஊர் எத்தனை பேர் போகிறார்கள் என்பதையெல்லாம் சமன்பாடுகளாக்கி, வரும் நாட்களைக் கணிப்பதுதான் கணித மாதிரி.

செட்டிநாட்டு ஊருணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலை அடைத்தால் வெளியிலிருந்து ஆகாயத்தாமரை வராது. ஆனால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஒரு செடி, தானே பெருகிக் குளத்தை மூடிவிடும்.

நோயும் அப்படித்தான். சென்னையில் 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காரைக்குடிக்கு வருவோரை 90 சதவீதம் குறைத்தாலும், கிடைப்பது சுமார் 10 நாள் தாமதம்தான். ஏனென்றால் சென்னையில் நோயாளிகள் பத்து மடங்காக அவ்வளவு நாளே போதும். ஆனாலும் படுக்கையும் மருந்தும் தயார் செய்ய அந்த 10 நாள் பெரிய விஷயம்.

தடை போட்டால் நோய் வரவே வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் போக்குவரத்து கொஞ்சம் மிச்சமிருந்தாலும் போதும், பெரும்பாலும் நோய் வந்துவிடும்; தாமதமாக வரும், அவ்வளவுதான்.