அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி டாட் லிங்கனின் பிறந்த வீடு லிங்கனுக்கு எதிராகப் போரிட்டதாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் மொத்தக் குடும்பமும் அல்ல, வீடு இரண்டுபட்டது.

மேரி 1818-ல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஆறு வயதில் தாயை இழந்தார். அப்பா ராபர்ட் டாட் மறுமணம் செய்துகொண்டார். இரண்டு தாரத்துக்கும் சேர்த்துப் பதினாறு பிள்ளைகள்! சித்திக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை.

1861-ல் உள்நாட்டுப் போர் வந்ததும் இளையதாரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் லிங்கனின் வடக்கை எதிர்த்த தெற்குப் பக்கம் போனார்கள். தம்பிகள் சாமுவேல், அலெக்சாண்டர் இருவரும் 1862-ல் போரில் இறந்தார்கள். தங்கை எமிலியின் கணவர் பென் ஹெல்ம், அதாவது லிங்கனின் சகலை, லிங்கன் கொடுக்க முன்வந்த ராணுவப் பதவியை மறுத்துத் தென்படையில் சேர்ந்தார். 1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் மடிந்தார்.

அந்த டிசம்பரில் விதவை எமிலி வெள்ளை மாளிகைக்கே வந்து தங்கினார். எதிரிப்படைத் தளபதியின் மனைவிக்கு அங்கே என்ன வேலை என்று முணுமுணுப்பு எழுந்தது. மேரியின் நிலைமைதான் பாவம்: வடக்கே அவரைத் துரோகி என்றார்கள், தெற்கேயும் அதையே சொன்னார்கள். செத்த தம்பிகளுக்காக வாய்விட்டு அழக்கூட முடியாது.

மேரி, லிங்கன் தம்பதியின் நான்கு மகன்களில் மூத்தவர் ராபர்ட் மட்டுமே நடுவயதைத் தாண்டினார். அவர் வழிவந்த கடைசி வாரிசு 1985-ல் மறைந்தார்.