முட்டத்தில் மொட்டைமாடி ஈரப்பத சென்சார் 99.9-இலேயே நிற்கிறது: பதில்

புரோகிராமில் பிழை தேடுவதை விடுங்கள், சென்சாரில் உப்பு ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் டிஎச்டி22 (வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார்) உச்சிவெயிலிலும் ஈரப்பதம் 99.9 சதவீதம் காட்டுகிறது, வெப்பநிலை சரியாக வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வயரிங்கும் சரிதான்.

உள்ளே இருப்பது ஈரம் உறிஞ்சும் பாலிமர் படலம் வைத்த சின்னக் கெப்பாசிட்டர் (மின்னேற்றம் சேமிக்கும் பாகம்). படலம் ஈரத்தை உறிஞ்ச அதன் மின் அளவு மாறும், அதை வைத்துத்தான் ஈரப்பதம் கணக்காகிறது. கடற்காற்றில் வரும் உப்பு அங்கே படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கரைந்து நீராகும். கரைந்தது மறுபடி காய, சுமார் 45 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். முட்டத்தில் அது அபூர்வம். அந்த உப்புநீர் வழியாக மின்சாரம் கசிந்தால் அளவு உச்சத்திலேயே நின்றுவிடும்.

சோதித்துப் பாருங்கள்:
1. மூடியின் ஓட்டைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரியலாம்.
2. புது சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். எண் நன்றாக இறங்கினால் சென்சார் பிழைத்தது. அசையவே இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றினால் டெஃப்லான் சவ்வு போட்ட எஸ்எச்டி31 சென்சார் வாங்குங்கள். அதில் ஹீட்டரும் உண்டு. ஆனால் ஹீட்டர் பனித்துளியைத்தான் விரட்டும், உப்பை விரட்டாது. அதனால் கடலைப் பார்த்த கைப்பிடிச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.